நடுச்சாமத்தில் எழுப்பிக் கேட்டாலும்

(எமது தமிழ்ப் பாடசாலையின் பெற்றோர் ஒன்றுகூடலில் பேசியது. மலர்க் குழுவினர் கேட்டதற்கிணங்க எழுத்தில் தரப்படுகிறது.)



கணக்கைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டது தலைவரின் துணிச்சல் என்றுதான் சொல்ல வேண்டும். நான் ஆசிரியனும் இல்லை, பொறியியலாளனும் இல்லை. இரும்புத் துண்டுகளைக் கடைகிற ஒரு பக்ரரியில் மெசினுக்கு முன்னால் நிற்கிறவன். 2007 இல் ஊரில் உயர்தரம் கணிதப் பிரிவில் எழுதினேன். இணைந்த கணிதத்துக்கு 'எஸ்' வந்தது. பல்கலைக்கழகத்துக்கு அது காணாது. அதோடு படிப்பு முடிந்தது. 2011 இல் இந்த ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தேன். ஆகவே நான் சொல்லப்போவது பெரிய கணிதம் இல்லை. 5ஆம் வகுப்பிலிருந்து 10ஆம் வகுப்பு வரை படிக்கிற எங்கள் பிள்ளையள் எதை வாயில் வைத்திருக்க வேணும், எதை வைத்திருக்கத் தேவையில்லை என்பது மட்டும்தான். அதுவும் எனக்குத் தெரிய வந்தது என் வீட்டில் நடந்த ஒரு சங்கடத்தால்.

போன வருடம், 2025 வசந்தத்தில், எங்கள் வீட்டுக்கு 'நீலக் கடிதம்' வந்தது. இங்கே பிள்ளை ஒரு பாடத்தில் விழப்போகிறது என்றால் பாடசாலை அனுப்பும் கடிதத்துக்கு அப்படித்தான் பெயர். கடிதம் வெள்ளையாகத்தான் இருந்தது. மகள் அப்போது கிம்னாசியத்தில் 6ஆம் வகுப்பு. எங்கள் மாநிலத்தில் 5ஆம் 6ஆம் வகுப்புகள் ஒரு பரீட்சார்த்தக் காலம் மாதிரி. 6ஆம் வகுப்பு முடிவில் ஆசிரியர்கள் கூடி, இந்தப் பிள்ளை இங்கே தொடர்ந்து படிக்கலாமா, வேறு பாடசாலைக்குப் போக வேணுமா என்று தீர்மானிப்பார்கள். கணக்குக்கு 5 புள்ளி. இங்கே 1 தான் திறமானது, 6 கடைசி என்பது உங்களுக்குத் தெரியும். ஊரில் இருக்கிற அம்மாவுக்குத் தெரியாது. போனில் நான் சொன்னதும், "ஆறுக்கு ஐஞ்சு எடுத்திருக்கிறாள், பிறகேன் தம்பி கவலைப்படுறாய்?" என்று சந்தோசப்பட்டா. நான் திருத்தப் போகவில்லை.

மகளை இருத்தி அவளுடைய சோதனைத் தாளைப் பார்த்தேன். ஒரு கணக்கு: பன்னிரண்டில் ஐந்தையும் பதினெட்டில் ஏழையும் கூட்ட வேண்டும். 5/12 + 7/18. பிள்ளைக்கு முறை தெரிந்திருந்தது. கீழெண் இரண்டையும் ஒன்றாக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் 12க்கும் 18க்கும் பொது மடங்குகளுட் சிறியது 36 என்பது கண்ணில் படவில்லை. ஆகவே 12ஐ 18ஆல் பெருக்கி 216 என்று வைத்து, 90/216 + 84/216 = 174/216 என்று கொண்டுவந்து, பிறகு சுருக்கத் தெரியாமல் நேரம் முடிந்து தாளைக் கொடுத்திருக்கிறாள். 36 என்று கண்டிருந்தால் 15/36 + 14/36 = 29/36. இரண்டு வரி. "உனக்கு விளங்கேல்லையோ பிள்ளை?" என்று கேட்டேன். "விளங்குது அப்பா. ஆனா எனக்கு மூளை காணாது," என்றாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை.

அப்போது ஏதோ நினைத்து, "ஏழும் எட்டும் பெருக்கினால் எத்தினை?" என்று கேட்டேன். பதில் வந்தது, சரியாகத்தான் வந்தது. ஆனால் வர எட்டுச் செக்கன் எடுத்தது. மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. ஏழேழாகக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

இந்த நாட்டில் சின்ன வாய்பாடு, பத்துப் பத்து நூறு வரையானது, 2ஆம் 3ஆம் வகுப்புகளில்தான் படிப்பிக்கிறார்கள். என் மகள் 2ஆம் வகுப்புப் படித்தது 2020-2021. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகளைப் பூட்டினார்கள். அந்த டிசம்பரில் திரும்பவும் பூட்டினார்கள், பெப்ரவரி வரை. பாடசாலை தாள்களை அனுப்பியது, பிள்ளை வீட்டில் இருந்து நிரப்பியது. பக்ரரி நிற்கவில்லை. நானும் மனைவியும் மாறி மாறி வேலைக்குப் போனோம். தாள் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தோமே தவிர, வாய்பாடு வாயில் நிற்கிறதா என்று கேட்கவில்லை. அந்தப் பிழை பாடசாலையின் பிழை இல்லை, என்னுடையது.

ஏனென்றால் எனக்கு அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். 1995 ஒக்ரோபர் 30, வலிகாமம் முழுக்க ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்கு ஏழு வயது, மூன்றாம் வகுப்பு. கொப்பி, புத்தகம் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. கொடிகாமப் பக்கம் ஒரு மாமரத்துக்குக் கீழே இடம்பெயர்ந்த ரீச்சர் ஒருவர் எங்களைச் சேர்த்து வைத்துப் படிப்பித்தா. கரும்பலகை இல்லை, சோக் இல்லை. ஆகவே வாயால் சொல்லித்தான் படிப்பு. "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்டு." மழை வந்தால் மட்டும் நிற்பாட்டுவோம். ஏழாம் வாய்பாட்டை நான் எழுதிப் பார்த்ததே அடுத்த வருடம்தான். இன்றைக்கும் மெசினடியில் ஏழு தட்டில் எட்டு எட்டாகத் துண்டு அடுக்கினால், அந்த ரீச்சரின் குரலில்தான் ஐம்பத்தாறு வரும்.

சரி, விசயத்துக்கு வருவோம். வாய்பாடு என்றால் நூறு கணக்குப் பாடமாக்க வேணும் என்று பிள்ளையள் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. ஒன்றையும் பத்தையும் விட்டுவிடுங்கள். ஏழெட்டும் எட்டேழும் ஒன்றுதான் என்று எடுத்தால், இரண்டிலிருந்து ஒன்பது வரை மொத்தம் 36 பெருக்கங்கள்தான் உண்டு. அதில் இரண்டாம் வாய்பாடும் ஐந்தாம் வாய்பாடும் எந்தப் பிள்ளைக்கும் வரும். மிச்சம் 21. ஒன்பதாம் வாய்பாட்டில் விடையின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது வரும், பத்தாம் இடத்தில் ஒன்று குறைந்த எண் வரும்: ஏழொன்பது என்றால் ஏழில் ஒன்று குறைத்து 6, ஒன்பதுக்கு மிச்சம் 3, அறுபத்து மூன்று. அதையும் கழித்தால் மிச்சம் 15. பதினைந்து! அந்தப் பதினைந்தில்தான் எங்கள் பிள்ளையள் விழுகிறார்கள். ஆறேழு, ஆறெட்டு, ஏழெட்டு, எட்டெட்டு இந்த நாலும்தான் பெரிய வில்லன்கள். ஏழெட்டுக்கு ஒரு வழி சொல்லுகிறேன்: 5, 6, 7, 8 என்று வரிசையாக எழுதுங்கள். 56 = 7 × 8. என் மகள் ஒருநாளும் இதை மறக்கவில்லை.

இதில் எங்கள் பிள்ளையளுக்கு மட்டும் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. டொச்சில் எண்ணைப் பின்னிருந்து சொல்லுவார்கள். 35 என்பதை 'ஐந்தும் முப்பதும்' என்பார்கள். தமிழில் நாங்கள் 'முப்பத்தைந்து' என்கிறோம். வீட்டில் தமிழில் கேட்டால் பிள்ளை மனதில் டொச்சில் பெருக்கி, அதைத் தமிழுக்குத் திருப்பி, 53 என்று சொல்லிவிடும். பெருக்கலில் பிழை இல்லை, மொழிபெயர்ப்பில்தான் பிழை. ஆகவே கேட்கும்போது ஒரு மொழியை எடுத்து அதிலேயே நில்லுங்கள். எங்கள் வீட்டில் டொச்சில்தான் கேட்கிறோம். சோதனை அந்த மொழியில்தானே. தமிழ்ப் பாடசாலைக் கூட்டத்தில் இதைச் சொல்லுவது சிலருக்குப் பிடிக்காது, தெரியும். மன்னியுங்கள்.

எண் எழுதுகிற முறையும் அப்படித்தான். ஊரில் தசமத்துக்குப் புள்ளி, ஆயிரத்துக்குக் காற்புள்ளி. இங்கே அது தலைகீழ். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு பெட்டியை எடுத்துவரச் சொன்னார்கள். லேபிளில் '2,500 கிலோ' என்று இருந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோவை நான் எப்படித் தூக்குவது என்று போர்க்லிஃப்ற் ஓட்டுகிறவரைத் தேடிக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வந்து ஒற்றைக் கையால் தூக்கித் தந்தார். இரண்டரைக் கிலோ. வருடக்கணக்காக என்னைக் கண்டால் 'கிறேன்' வேணுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய எண்களிலும் கவனம்: நாங்கள் ஊரில் ஆங்கிலத்தில் 'பில்லியன்' என்று படித்த நூறு கோடிக்கு இங்கே 'மிலியாட' என்று பெயர். இங்கே 'பிலியோன்' என்றால் அதைவிட ஆயிரம் மடங்கு பெரியது. பிள்ளைக்கு உதவி செய்யப் போய் நாங்கள் பிழையாகச் சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது.

வாய்பாட்டுக்கு அடுத்தது வர்க்கங்கள். 11 இலிருந்து 20 வரைக்கும் வாயில் வேணும்: 121, 144, 169, 196, 225, 256, 289, 324, 361, 400. 25இன் வர்க்கம் 625. ஐந்தில் முடிகிற எண்ணின் வர்க்கத்துக்குப் பாடம் தேவையில்லை. 35 என்றால் மூன்றை அடுத்த எண் நாலால் பெருக்கி 12, பின்னால் 25 போடு: 1225. 65 என்றால் ஆறேழு 42, 4225. என் மகள் இதை வகுப்பில் சொல்லிக் காட்டி, ஒரு நாள் முழுக்க அவளைக் கணக்குக்காரி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பழைய நீலக் கடிதக்காரிக்கு அது பெரிய விசயம்.

முதன்மை எண்கள் ஐம்பது வரை 15 இருக்கின்றன: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47. ஒன்று முதன்மை எண் இல்லை. 51உம் 91உம் முதன்மை எண் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஏமாற்றும்: 51 = 3 × 17, 91 = 7 × 13. இலக்கங்களைக் கூட்டி வருவது மூன்றால் பிரிபட்டால் எண்ணும் மூன்றால் பிரிபடும், ஒன்பதுக்கும் அப்படியே. பின்னம் சுருக்குவதற்கு இவ்வளவும் போதும். 174/216 இல் 1+7+4 = 12, 2+1+6 = 9, இரண்டும் மூன்றால் போகும். இரண்டும் இரட்டை எண். ஆகவே ஆறால் பிரி. என் பிள்ளை தவறவிட்ட கணக்கு அவ்வளவுதான்.

பின்னத்தையும் சதவீதத்தையும் சோடி சோடியாகப் பாடமாக்க வேணும். அரை 50%, கால் 25%, முக்கால் 75%, ஐந்தில் ஒன்று 20%, எட்டில் ஒன்று 12.5%, மூன்றில் ஒன்று 33.3%, ஆறில் ஒன்று 16.7%. சதவீதத்துக்கு இங்கே புத்தகத்தில் மூன்று சூத்திரம் போட்டிருக்கிறார்கள், மூன்றுக்கும் மூன்று பெரிய பெயர். அதைப் பாடமாக்க வேண்டாம். ஊரில் நாங்கள் செய்த மாதிரி, நூறுக்கு இவ்வளவு என்றால் ஒன்றுக்கு எவ்வளவு, பிறகு கேட்டதற்கு எவ்வளவு என்று போனால் மூன்றும் அதற்குள் அடங்கும். இங்கே அதற்கு 'டிறைஸற்ஸ்' என்று பெயர். எங்கள் பக்ரரியில் மெசினுக்கு ஊற்றும் குளிர்தண்ணியில் 6% எண்ணெய் இருக்க வேணும். தாங்கி 250 லீற்றர். நூறு லீற்றருக்கு 6, ஆகவே 250க்கு 15 லீற்றர். கடதாசி எடுக்கிறதில்லை. (தண்ணியை முதலில் விட்டு எண்ணெயைப் பிறகு விட வேணும். மாற்றி விட்டால் திரைந்துபோகும். அது கணக்கு இல்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.)

தாய்மாருக்கு ஒன்று. கடையில் 30% கழிவு, காசு கட்டும் இடத்தில் மேலும் 20% கழிவு என்று போட்டிருந்தால் அது 50% இல்லை. நூறு ஒயிரோ முதலில் 70 ஆகும், அந்த 70இல்தான் 20% போகும். 56 ஒயிரோ. ஆகக் கழிவு 44%. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்திலேயே கேளுங்கள். அதேமாதிரி விற்பனை வரி 19% சேர்த்து 119 ஒயிரோ என்றால், வரியில்லாத விலை காண 119இலிருந்து 19% கழிக்கக் கூடாது. கழித்தால் 96.39 வரும், சரியான விடை 100. 1.19ஆல் பிரிக்க வேணும். பெரிய ஆட்களே இதில் வழுக்குகிறோம்.

வட்டத்துக்கு இரண்டு சூத்திரம். சுற்றளவு, இரண்டு தர பை தர ஆரை. பரப்பளவு, பை தர ஆரையின் வர்க்கம். பிள்ளையள் இரண்டையும் மாற்றிப் போடுகிறார்கள். பரப்பளவு சதுர சென்ரிமீற்றரில் வரும், ஆகவே சூத்திரத்திலும் வர்க்கம் இருக்க வேணும் என்று பிடித்தால் மாறாது. பை 3.14159. 22/7 என்று ஊரில் நாங்கள் எடுத்தது கிட்டத்தட்டத்தான். பீற்சாக் கடையில் 26 சென்ரிமீற்றர் பீற்சாவும் 32 சென்ரிமீற்றர் பீற்சாவும் விற்கிறார்கள். ஆறு சென்ரிமீற்றர்தானே வித்தியாசம் என்று நினைப்போம். பரப்பளவு பார்த்தால் சின்னது சுமார் 531, பெரியது சுமார் 804 சதுர சென்ரிமீற்றர். ஒன்றரை மடங்கு! விலை ஒன்றரை மடங்குக்குக் குறைவென்றால் பெரியதை வாங்குங்கள். இந்தக் கணக்கை மகள் தானே செய்த அன்றைக்கு நான் பீற்சா வாங்கிக் கொடுக்க வேண்டி வந்தது.

அளவுகளில் ஒரு பொறி. ஒரு மீற்றரில் 100 சென்ரிமீற்றர், ஆனால் ஒரு சதுர மீற்றரில் 10,000 சதுர சென்ரிமீற்றர். ஒரு கன மீற்றரில் 1000 லீற்றர். ஒரு லீற்றர் என்பது பத்துச் சென்ரிமீற்றர்ப் பெட்டி, அதில் தண்ணீர் ஒரு கிலோ. "ஊரில எங்கட காணி எத்தினை குவாட்றாற்மேற்றர்?" என்று மகள் கேட்டாள். நாலு பரப்பு என்றுதான் எனக்குத் தெரியும். 16 பரப்பு ஒரு ஏக்கர், ஒரு ஏக்கர் சுமார் 4047 சதுர மீற்றர். ஆகவே ஒரு பரப்பு சுமார் 253, நாலு பரப்பு சுமார் 1012 சதுர மீற்றர். 105க்கு 68 மீற்றர் உதைபந்தாட்ட மைதானம் ஒன்று 7140 சதுர மீற்றர், 28 பரப்பு. "அப்ப எங்கட காணி மைதானத்தில ஏழில ஒண்டு," என்றாள். அந்தக் காணியை அவள் இன்னும் கண்டதில்லை.

அட்சரகணிதத்துக்கு வந்தால், 8ஆம் வகுப்பளவில் மூன்று 'பினோமிஷ' சூத்திரங்கள் வரும். புத்தகத்தில் ஏ, பி என்று இருக்கும், நான் அ, ஆ என்று சொல்லுகிறேன். (அ + ஆ)² = அ² + 2அஆ + ஆ². நடுவில் வரும் 2அஆ ஐ விட்டுவிடுவதுதான் எல்லாப் பிள்ளையளும் செய்கிற பிழை. நானும் விட்டவன். அதற்கு மருந்து இலக்கம் போட்டுப் பார்ப்பது: 13 = 10 + 3. 100 + 9 = 109 என்றால் பிழை என்று உடனே தெரியும், ஏனென்றால் 169 வாயில் இருக்கிறது. நடுவில் 60 எங்கே போனது என்று பிள்ளையே தேடும். மூன்றாவது சூத்திரம், (அ + ஆ)(அ − ஆ) = அ² − ஆ². 21 × 19 என்றால் 400 − 1 = 399. பெருக்காமலே விடை.

பைதகரசு தேற்றம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். செங்கோண முக்கோணியில் செம்பக்கத்தின் வர்க்கம் மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை. 3, 4, 5. பிறகு 5, 12, 13. பிறகு 8, 15, 17. இந்த மூன்று சோடனையும் தெரிந்த பிள்ளை சோதனையில் பாதி நேரத்தை மிச்சம் பிடிக்கும். ஊரில் எங்கள் வீட்டு அத்திவாரம் வெட்டும்போது மேசன் நூலைப் பிடித்து ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்த்தார். வந்தால் மூலை மட்டம். அவர் பைதகரசைக் கேள்விப்பட்டிருப்பாரோ தெரியாது.

இனி 9ஆம் வகுப்பில் வரும் இருபடிச் சமன்பாடு. நாங்கள் ஊரில் படித்த சூத்திரத்துக்கு, தெற்கே ஸ்ருட்காட் பக்கம் 'நடுச்சாமச் சூத்திரம்' என்று பெயர். பிள்ளையை நடுச்சாமத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேணும் என்பதால் அந்தப் பெயர். எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் பெரும்பாலும் வேறொரு வடிவம், 'பே-கூ' சூத்திரம், படிப்பிக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். வர்க்கத்தின் முன்னால் நிற்கும் எண்ணால் முழுவதையும் பிரித்துவிட்டுத் தொடங்கினால் பே-கூ, பிரிக்காமல் தொடங்கினால் நடுச்சாமம். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணை மகனுக்கு ஊர்ச் சூத்திரத்தைச் சொல்லிக்கொடுத்து, பாடசாலையில் மற்றதைச் சொல்லிக்கொடுக்க, பிள்ளை இரண்டையும் பாதி பாதி சேர்த்து எழுதிவிட்டது. ஆகவே பெற்றோரே, முதலில் பிள்ளையின் கொப்பியைப் பாருங்கள். எங்கள் முறை திறம் என்று சண்டை பிடிக்க வேண்டாம்.

பெரிய பிள்ளையள் கேட்பார்கள், "சூத்திரப் புத்தகம் சோதனைக்குக் கொண்டுபோகலாம்தானே, கல்குலேற்றரும் இருக்குத்தானே, ஏன் பாடமாக்க வேணும்?" என்று. நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் இரண்டு பதில் இருக்கிறது. அபிற்றூர் சோதனையிலேயே ஒரு பகுதி கல்குலேற்றரும் சூத்திரப் புத்தகமும் இல்லாமல்தான் செய்ய வேணும். தொழிற்பயிற்சிக்கு எடுக்கும் கொம்பனிகள் பல, முதலில் வைக்கிற தெரிவுச் சோதனையில் மனக்கணக்கும் சதவீதமும் கேட்கின்றன. அது ஒன்று. மற்றது, என் மகளின் தாள். அவளுக்கு முறை தெரிந்திருந்தது. 36 கண்ணில் படாதபடியால் முறை கைக்கு உதவவில்லை. 36ஐ எந்தப் புத்தகத்தில் தேடுவது?

ஆனால் எல்லாவற்றையும் பாடமாக்க வேண்டாம். எங்கள் கமிற்றியில் ஒருவர் நூறு சூத்திரம் அச்சடித்து மனனப் போட்டி வைப்போம் என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனால் நான் அதற்கு எதிர்ப்பு. சரிவகத்தின் பரப்பளவை ஏன் பாடமாக்க வேணும்? இரண்டு சமாந்தரப் பக்கங்களின் சராசரியை உயரத்தால் பெருக்குவது என்று படம் கீறினால் தெரியும். இணைகரத்தை ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் ஒட்டினால் செவ்வகம். உருளை, பெட்டி எல்லாவற்றின் கனவளவும் அடிப்பரப்புத் தர உயரம், ஒரே சூத்திரம். நூறு சூத்திரத்தைச் சுமக்கிற பிள்ளை சோதனையில் எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்கும்.

பாடமாக்கிறது எங்களுக்கு வராது என்று சொல்லுகிற பெற்றோருக்கு ஒரு ஞாபகமூட்டல். இங்கே வாகனம் ஓட்டப் பழகியவர்கள் கையை உயர்த்துங்கள் பார்ப்போம். இந்த மண்டபத்தில் பாதிக்கு மேல். வேகத்தைப் பத்தால் பிரித்து மூன்றால் பெருக்கினால் பிரேக்கில் கால் வைப்பதற்கு முன் ஓடும் தூரம். பத்தால் பிரித்ததை அதனாலேயே பெருக்கினால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம். 50இல் போனால் 15உம் 25உம், மொத்தம் 40 மீற்றர். 100இல் போனால் 30உம் 100உம், 130 மீற்றர். தமிழில் அந்தச் சோதனை இல்லை. ஒரு வார்த்தை டொச் தெரியாத காலத்திலும் நீங்கள் எல்லோரும் இதைப் பாடமாக்கிப் பாஸ் பண்ணினீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் ஏன் நாலு மடங்காகிறது என்று பிள்ளையைக் கேளுங்கள். வர்க்கம் என்றால் என்ன என்பது காரில் இருந்தே விளங்கும்.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. குசினிக் கதவில் ஒரு தாள். அந்தப் பதினைந்து பெருக்கமும் வர்க்கங்களும் மட்டும். நாளுக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. எனக்கு அதிகாலை வேலைக் கிழமை என்றால் பின்னேரம் நான் கேட்பேன். பிந்திய வேலைக் கிழமை என்றால் இரவு பத்தே முக்காலுக்குத்தான் வீட்டுக்கு வருவேன், ஆகவே மனைவி கேட்பா. மனைவிக்குக் கணக்கில் நம்பிக்கை இல்லை, தாளைப் பார்த்துத்தான் கேட்பா. பிள்ளைக்கு அது இன்னும் பிடித்தது, அம்மாவுக்கே அவள் படிப்பிக்கலாம். பிழைத்தால் பேசுவதில்லை என்று ஒரு ஒப்பந்தம். அதை நான் இரண்டு தரம் மீறினேன். இரண்டு தரமும் அடுத்த நாள் பிள்ளை தாளடிக்கு வரவில்லை.

நடுச்சாமச் சூத்திரத்தின் கதையை அவளுக்குச் சொல்லி, "நான் நித்திரையில இருந்தாலும் எழுப்பிக் கேள், வர்க்கம் சொல்லுவன்," என்று பெருமையடித்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை வேலையால் வந்து படுத்து ஒரு மணித்தியாலம் இருக்கும், யாரோ தோளைத் தட்டினார்கள். "அப்பா, பதினேழின்ர வர்க்கம்?" நான் கண்ணைத் திறக்காமலே "இருநூற்று எழுபத்தொன்பது," என்றேன். "பிழை! இருநூற்று எண்பத்தொன்பது!" என்று சிரித்துக்கொண்டு ஓடினாள். அந்தச் சிரிப்பில் மனைவியும் எழும்பி, இருவருக்கும் பேச்சு விழுந்தது.

கோடை விடுமுறைக்கு முன் வந்த கடைசிச் சோதனையில் 4 எடுத்தாள். வருட முடிவுப் புள்ளியும் 4. 'போதுமானது' என்று அதற்கு அர்த்தம். ஆசிரியர்கள் கூடி, தொடரலாம் என்றார்கள். இப்போது 7ஆம் வகுப்பு, தை மாதம் வந்த அரைவருட அறிக்கையில் கணக்குக்கு 3. அம்மாவிடம் போனில் சொன்னேன். "போன முறை ஐஞ்சு எடுத்தவள், இப்ப மூண்டாய்க் குறைஞ்சு போனாளே," என்று கவலைப்பட்டா. அன்றைக்குத்தான் விளங்கப்படுத்தினேன்.

குசினிக் கதவில் ஒட்டின அந்தத் தாளை நாற்பது பிரதி எடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். தேத்தண்ணி மேசையில் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, எண்ணெய் படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் 9ஆம் 10ஆம் வகுப்புக்காரருக்கு. அதில் பே-கூ, நடுச்சாமம் இரண்டும் இருக்கிறது, உங்கள் பிள்ளையின் கொப்பியில் இல்லாததை வெட்டிவிடுங்கள். பிழை ஏதும் கண்டால் எனக்குச் சொல்லுங்கள், மகள் ஏற்கெனவே ஒன்று கண்டுபிடித்துத் திருத்தித் தந்தாள்.